சுங்கை சிப்புட் தம்பிக்கு ஓட்டக் கால் இப்போதே வாங்கலாமா?

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். தம்பிக்கு 23 வயது. எட்டு மாதத்துக்கு முன் ஷிஃப்டு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் விபத்தில் வலது காலை முட்டிக்குக் கீழே இழந்தார். நான்கு மாதமாகச் செயற்கைக் காலில் நடக்கிறார். இடைநிலைப்பள்ளியில் 100 மீட்டர் ஓடியவர். பாரிஸ் பாராலிம்பிக்கில் எடி பெர்னார்ட் வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து தானும் ஓட வேண்டும் என்கிறார். கோயில் நிர்வாகமும் பழைய தோட்டத்து மக்களும் சேர்ந்து பிளேடு கால், அதாவது ஓடுவதற்கென்று வளைந்த தகடு போலச் செய்த செயற்கைக் கால், வாங்கப் பணம் திரட்டுகிறார்கள். எந்த பிளேடு, என்ன விலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் அடியில் இருப்பது வேறு: ஊரார் பணத்தைப் போட்டால் தம்பிக்கு இதில் ஒரு வாழ்க்கை அமையுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் பிளேடு வாங்காதீர்கள். விளையாட்டை இந்த வாரமே தொடங்கலாம்.

முதலில் எடி பெர்னார்ட் விஷயம். அவர் ஓடியது டி44 பிரிவு. அது காலில் குறைபாடு இருந்தும் செயற்கைக் கால் இல்லாமல் ஓடுகிறவர்களுக்கு உரியது. ஒரு காலை முட்டிக்குக் கீழே இழந்து செயற்கைக் காலோடு ஓடுகிறவர்கள் டி64. முன்பு ஒன்றாக இருந்த இந்த இரண்டையும் 2018 முதல் பிரித்துவிட்டார்கள். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து போட்டியைக் காட்டும்: டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். 61 முதல் 64 வரை செயற்கைக் கால் அணிகிறவர்கள், 20 அறிவுசார் குறைபாடு, 35 முதல் 38 வரை மூளை முடக்குவாதம் போன்ற காரணத்தால் தசை ஒத்திசைவு குறைந்தும் நின்றபடி போட்டியிடுகிறவர்கள். 2016 ரியோவில் மலேசியாவுக்கு முதன்முறையாகத் தங்கம் வாங்கித் தந்த மூவரில் ரிட்ஸுவான் புஸி டி36. ஸியாட் ஸோல்கெப்ளியும் அப்துல் லத்திப் ரொம்லியும் 20ஆம் பிரிவு. மூவருமே தம்பியின் பிரிவில்லை. டி64 ஓட்டத்தில் அவர் மோதப்போவது ஐரோப்பா, அமெரிக்கா என்று, சின்ன வயதிலிருந்தே பிளேடில் ஓடிப் பழகியவர்களோடு. அங்கே 100 மீட்டரை 11 வினாடிக்குள் முடிக்கிறார்கள். முடியாது என்று சொல்ல வரவில்லை. டிவியில் பார்த்த ஓட்டமும் தம்பி ஓடப்போகும் ஓட்டமும் வேறு என்பதைப் பணம் கொடுப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கால். வெட்டிய காலின் மிச்சப் பகுதி, மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள், முதல் ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். வீக்கம் வடியும், பயன்படாத தசை மெலியும். இன்று அளவெடுத்துச் செய்த சாக்கெட், அதாவது ஸ்டம்ப் உள்ளே இறங்கும் கிண்ணம் போன்ற பகுதி, நான்கு மாதத்தில் தொளதொளக்கும். ஓட்டத்துக்கான காலில் விலை உயர்ந்தது பிளேடு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஓட முடியுமா என்பதைத் தீர்மானிப்பது சாக்கெட். தளர்ந்த சாக்கெட்டில் ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே மேலும் கீழும் போய்வரும். நடக்கும்போது அது வெறும் எரிச்சல். ஓடும்போது உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு ஒரு காலில் இறங்கும், தோல் கிழியும். ஒரு புண் ஆற மூன்று வாரம் ஆகலாம், அதுவரை நடக்கும் காலையும் போட முடியாது, வேலைக்கும் போக முடியாது. பிளேடும் ஆளின் எடைக்குத் தக்க விறைப்பில் வருவது. தம்பி பத்து கிலோ ஏறினாலோ இறங்கினாலோ வாங்கிய பிளேடு பொருந்தாமல் போகும். சாக்கெட், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்துப் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போகிற பொருளை, அளவு மாறிக்கொண்டிருக்கும் காலுக்கு வாங்குவது வீண்.

இந்த மாதங்களில் வீட்டில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள், ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. இரவில் லைனரை, அதாவது சாக்கெட்டுக்குள் ஸ்டம்பின் மேல் போடும் மெத்தென்ற உறையை, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வாசனை இல்லாத மிதமான சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு லைனர் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் அசைந்தாலே லைனருக்குள் வியர்வை தேங்கும், பிடிப்பு வழுக்கும். அப்போது கழற்றித் துடைத்து மறுபடி போட வேண்டும், கூச்சப்படக் கூடாது. காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டிச்சிப்பிக்குக் கீழுள்ள தசைநாரில் சிவப்பு இருந்தால் சரி, எடை தாங்க வேண்டிய இடம் அது. முழங்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் சிறிய எலும்பிலோ, வெட்டிய எலும்பின் நுனியிலோ சிவந்து, இருபது நிமிடம் ஆகியும் மறையாவிட்டால் சாக்கெட் தவறு. இடைவெளியை நிரப்பப் போடும் துணி உறையின் தடிமன் பத்து பிளையை (பிளை என்பது உறையின் தடிமன் அளவு) தாண்டினால் அது உறையால் சரிசெய்கிற காரியமில்லை, சாக்கெட்டை மாற்ற வேண்டும். இன்னொன்று அம்மாவிடம் சொல்ல வேண்டியது: பாவம் வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. மடங்கியபடியே கிடந்தால் முழங்கால் அப்படியே இறுகிவிடும், பிறகு நேராக நீட்ட முடியாதவருக்கு எந்தப் பிளேடும் உதவாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, பதினைந்து இருபது நிமிடம் குப்புறப் படுப்பது நல்லது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் வேண்டுதல் ஏதாவது இருந்தால் அதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். வியர்வையில் நனைந்த காலோடு கூட்டத்தில் நாலைந்து மணி நேரம் நடப்பது, ஒரு வாரப் பயிற்சியை ஒரே நாளில் செய்வது போல.

பணத்தைப் பற்றிப் பேசும் முன் சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தா கட்டும் தொழிலாளிக்கு வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலைவிபத்தாகவே கணக்கு. நடுவில் சொந்தக் காரியத்துக்காக வழி விலகியிருந்தால்தான் சிக்கல். போலீஸ் புகார், முதலாளி நிரப்பித் தரும் விபத்து அறிக்கை, விபத்து நடந்த இடத்தைக் காட்டும் வழிப்படம், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), அன்றைய வருகைப் பதிவு, இவற்றோடு ஈப்போ அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவச் செலவு, தற்காலிக ஊனப் படி, மருத்துவக் குழு மதிப்பிட்ட பிறகு நிரந்தர ஊனப் படி, இவை தவிர செயற்கைக் காலும் மறுவாழ்வுச் சிகிச்சையும் அதில் அடங்கும். மலாக்காவில் சொக்சோவுக்கென்றே துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது; வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007இலிருந்து நடக்கிறது. ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் நல்லது. செய்யாமல் ஊரார் பணத்தில் நடக்கும் காலை வாங்கியிருந்தால், அடுத்த சாக்கெட்டுக்காவது அங்கே கேளுங்கள். ஆனால் அது நடந்து வேலை செய்வதற்கான கால். ஓட்டப் பிளேடை உரிமையாக எதிர்பார்த்துப் போக வேண்டாம். சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுப்பது தனி வேலை. அதையும் இப்போதே முடித்துவிடுங்கள், மாநில அளவில் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி விளையாட்டு. தம்பியின் உடலைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் 23 வயதில், முட்டிக்குக் கீழே ஒரு கால் இல்லாமல், மலேசியாவில், ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து தொடங்குகிறவருக்கு வழி நன்றாகப் போடப்பட்டிருப்பது இரண்டு விளையாட்டில்: பவர்லிஃப்டிங் என்ற பளுதூக்குதல், பூப்பந்து (பேட்மிண்டன்). நம் ஆட்களுக்கு ஞாபகம் இல்லாத ஒன்று, பாராலிம்பிக்கில் மலேசியாவுக்காக முதன்முதலில் பதக்கம் தூக்கிய தலைமுறையில் மாரியப்பன் பெருமாள் என்ற தமிழர் இருந்தார், பளுதூக்குதலில். சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை எல்லாருக்கும் தெரிகிறது, நம் ஊர் மாரியப்பனை யாரும் சொல்வதில்லை. அதன் பிறகு சரவாக்கின் போனி புன்யாவ் கஸ்தின் 72 கிலோ பிரிவில் டோக்கியோவில் 228 கிலோவும் பாரிஸில் 232 கிலோவும் தூக்கி இரண்டு முறையும் தங்கம் வாங்கினார். டோக்கியோவிலேயே 107 கிலோ பிரிவில் ஜோங் யீ கீ வெள்ளி. பயிற்றுநர், போட்டி அனுபவம், தேர்வு முறை எல்லாம் நாட்டுக்குள் இருக்கிற விளையாட்டு இது.

பவர்லிஃப்டிங்கில் குறைபாட்டை வைத்து வகுப்பு பிரிப்பதில்லை. தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள். கணுக்காலுக்கு மேல் காலை இழந்தவர் தகுதி பெறுவார். பிறகு எடைப்பிரிவு மட்டும்தான், ஆண்களுக்கு 49, 54, 59, 65, 72, 80, 88, 97, 107, அதற்கு மேல். செயற்கைக் காலைக் கழற்றி எடை பார்த்து, இழந்த பகுதிக்கு ஈடாகச் சிறிய எடையைச் சேர்ப்பார்கள். போட்டி என்பது பெஞ்ச் பிரஸ், அதாவது படுத்தபடி கம்பியை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளுவது, அது ஒன்றுதான், ஆனால் ஜிம் பையன்கள் செய்கிற பெஞ்ச் பிரஸ் இல்லை. பெஞ்சின் நீளம் 2.1 மீட்டர், அகலம் 61 செ.மீ., தலைப்பக்கம் பாதியாகக் குறுகும். இரண்டு காலும் பெஞ்சின் மேலேயே நீண்டிருக்க வேண்டும், பட்டையால் கட்டிக்கொள்ளலாம். தரையில் காலை ஊன்றித் தள்ளும் வசதி கிடையாது. அதனால் ஜிம்மில் 120 தூக்குகிறேன் என்பவர் முதல் நாள் இங்கே 100க்கே திணறுவார், மனம் தளர வேண்டாம்.

தோற்பது பெரும்பாலும் பலக்குறைவால் நடப்பதில்லை. கம்பியை எடுத்து முழங்கையைப் பூட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். நடுவர் 'ஸ்டார்ட்' என்ற பிறகே இறக்கலாம். நெஞ்சைத் தொட்டதும் கம்பி கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். நின்ற பிறகு நெஞ்சுக்குள் இன்னும் அமுங்கினால் போச்சு. மேலே போகும்போது இரண்டு கையும் ஒரே சமமாகப் போக வேண்டும், ஒரு முழங்கை முன்னால் பூட்டினால் சிவப்பு விளக்கு. 'ரேக்' என்று சொல்லும்வரை பிடித்திருக்க வேண்டும். மூன்று நடுவரில் இருவர் வெள்ளை விளக்கு போட்டால்தான் கணக்கு. பெயர் கூப்பிட்டு இரண்டு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும், மொத்தம் மூன்று வாய்ப்பு. ஆள்காட்டி விரலுக்கு ஆள்காட்டி விரல் 81 செ.மீ.க்கு மேல் அகலமாகப் பிடிக்கக் கூடாது. நெஞ்சில் துள்ளவிட்டுத் தூக்கிப் பழகியவருக்கு இந்தப் பழக்கத்தை உடைக்கவே ஆறு மாதம் பிடிக்கும். எனவே முதல் நாளிலிருந்தே ஒருவர் நடுவர் போலக் குரல் கொடுக்க வேண்டும், நீங்களே செய்யலாம்.

தொடக்கத்துக்கு வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாள், ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 70 முதல் 75 விழுக்காட்டில் ஐந்து தடவை, ஐந்து சுற்று. இன்னொரு நாள் 80 விழுக்காட்டுக்கு மேல் மூன்று தடவை, ஐந்து சுற்று. மூன்றாம் நாள் 60 விழுக்காட்டுக்கு இறக்கி, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் இரண்டு வினாடி நிறுத்த வேண்டும். வாரத்துக்கு 2.5 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். தள்ளுகிற அளவுக்குக் குறையாமல் இழுக்கும் பயிற்சியும் வேண்டும், இல்லையென்றால் தோள் முன்பக்கம் இழுத்துக்கொண்டு வலிக்கும். கைத்தடி ஊன்றுகிறவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஸ்டம்பில் புண் வந்து கைத்தடியில் நடக்கும் வாரங்களில் பெஞ்சின் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். தனியாக யாரும் பெஞ்சில் படுக்கக் கூடாது. சுங்கை சிப்புட்டில் சாதாரண ஜிம் ஒன்றில் மாதக் கட்டணம் கட்டினால் இதெல்லாம் நடக்கும். இதில் வயதும் பிரச்சினையில்லை, முப்பதைத் தாண்டியும் எடை ஏறுகிற விளையாட்டு.

பூப்பந்தைப் பற்றிச் சுருக்கமாக. தம்பி பெரும்பாலும் எஸ்எல்4 பிரிவில் (காலில் குறைபாட்டோடு நின்று ஆடுகிறவர்களுக்கு உரியது) வருவார், முழு ஆடுகளம். செயற்கைக் காலோடு பக்கவாட்டில் பாய்வதும் சட்டென்று நிற்பதும் ஸ்டம்பைத் திருகும், ஆகவே இது சாக்கெட் நிலைபெற்ற பிறகு. சியா லீக் ஹாவ் கைக்குறைபாட்டுப் பிரிவில் 33 வயதில் டோக்கியோவிலும் 36 வயதில் பாரிஸிலும் தங்கம் வாங்கியிருக்கிறார், ஆகவே காத்திருப்பதால் காலம் போய்விடாது.

ஓட்டம் எப்போது? ஒரே சாக்கெட் ஆறு மாதம் போல மாற்றமில்லாமல் பொருந்தி, ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் தோல் சிவக்காமல், ஒற்றை ஸ்டம்பை மட்டும் ஊன்றி இடுப்பை பத்துப் பதினைந்து முறை தூக்கும் பலம் வந்த பிறகு. அப்போதும் முதலில் இரவலாகவோ பழையதாகவோ ஒரு பிளேடில் திடலில் ஓடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளேடுக்குக் குதிகால் கிடையாது, அசையாமல் நிற்கவே பழக வேண்டும். அடிபடுவது பெரும்பாலும் நல்ல காலில்தான், கெண்டைக்கால் தசைநார், பின்தொடை, பிறகு இடுப்பு.

போட்டி ஏணி இப்படி: மாநிலத் தேர்வு, சுக்மா பாரா (மாநிலங்களுக்கிடையிலான பாரா போட்டி), தேசியத் திட்டத்தில் இடம், ஆசியான் பாரா, அதற்கு மேல். தேசிய அளவுக்குப் போனால் கோலாலம்பூர் கம்போங் பாண்டானில் பாரா வீரர்களுக்கான மையம் இருக்கிறது, ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். சர்வதேச வகைப்படுத்தல் வெளிநாட்டிலோ இங்கோ அனுமதி பெற்ற போட்டிகளில்தான் நடக்கும். மருத்துவர் கையெழுத்திட்ட ஆங்கிலப் படிவமும் எக்ஸ்ரேயும் வேண்டும். கால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதால் இதில் குழப்பம் குறைவு. தகுதி இல்லாதவர் குறைபாடு இருப்பதாக நடித்தால் தடை. ஒரு பிரிவுக்கு எல்லாப் போட்டியும் பாராலிம்பிக்கில் வைக்கமாட்டார்கள், அந்தப் பட்டியலும் முறைக்கு முறை மாறும், எனவே அடுத்த பாராலிம்பிக்கில் உங்கள் தம்பியின் போட்டி இருக்கும் என்று இன்றைக்கு எவர் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள்.

விதி தெரியாமல் போவதன் விலையைப் பெரியவர்களே கொடுத்திருக்கிறார்கள். டோக்கியோவில் ஸியாட் குண்டை 17.94 மீட்டர் எறிந்தார். போட்டிக்கு முன் வீரர்கள் வந்து சேர வேண்டிய அழைப்பு அறைக்குத் தாமதமாக வந்ததாக எழுந்த எதிர்ப்பு ஏற்கப்பட்டு, அந்த எறிதலே நடக்காதது போலப் பதிவானது, தங்கம் உக்ரைன்காரருக்குப் போனது. மருந்தும் அப்படித்தான். காலிழந்தவர்களுக்கு இல்லாத கால் வலிப்பது உண்டு, அதற்கு டிராமடால் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் டிராமடால் தடை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையும் தடைப்பட்டியலில் இருக்கிறது. மருத்துவரிடம் நான் போட்டியாளர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள், வேறு மருந்தே இல்லையென்றால் முன்கூட்டியே விலக்கு அனுமதி கேட்க வழி உண்டு. இரவுச் சந்தையில் விற்கும் பலம் தரும் மாத்திரை, ஜாமு என்ற மூலிகை மருந்து, நண்பன் கொடுத்த ஜிம் பவுடர் எதையும் தொட வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், முடிவை மாற்றாது.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 ரியோவிலிருந்து பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் ஒரே பரிசு: 10 லட்சம் வெள்ளி, வெள்ளிப் பதக்கத்துக்கு 3 லட்சம், வெண்கலத்துக்கு 1 லட்சம். அதோடு மாத ஓய்வூதியம் முறையே 5,000, 3,000, 2,000 வெள்ளி. இந்தத் தொகையைச் சொல்லித்தான் பலர் பிள்ளைகளை இழுக்கிறார்கள். மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமே 2016இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசியத் திட்டத்தில் சேர்கிறவரை படி எதுவும் வராது, சேர்ந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் மறுபரிசீலனை. அதனால் வேலையை விடச் சொல்லாதீர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி என்பது வேலையோடு ஒத்துப்போகும். ஷிஃப்டை நிலையான பகல் வேலையாக மாற்றித் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்பது இப்போதைக்குப் பிளேடைவிடப் பயன் தரும்.

கோயிலில் சேர்ந்திருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டத்தில் கணக்காகச் சொல்லுங்கள்: இரண்டாவது லைனர், நல்ல கைத்தடி ஒரு ஜோடி, ஒரு வருட ஜிம் கட்டணம், ஈப்போவுக்குப் போய்வரும் பெட்ரோல், முதல் போட்டியின் பயணமும் தங்குமிடமும். மீதியை இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடிகிற கணக்கில் போட்டுவையுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் தம்பியின் ஸ்டம்ப் அளவையும் பெஞ்சில் தூக்கும் எடையையும் பார்த்துவிட்டு, சாக்கெட்டா, பிளேடா, இரும்பா என்று முடிவெடுக்கலாம். அதுவரை மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், காலையில் எழுந்ததும், முட்டிக்குக் கீழே ஒரே இடத்தில் டேப் வைத்து ஸ்டம்பின் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள். கால் செய்பவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுங்கள்.